உபயம் தைத்த மெத்தைகள்

எங்கள் பெரியப்பாவுக்கு ஏழரைச் சனி பிடித்த வருஷத்தில்தான் எங்கள் வீட்டில் தர்மம் தொடங்கியது.

அதற்கு முன்பு நாங்கள் ஒன்றும் கொடுக்காதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. மாரியம்மன் நோம்பிக்கு வரி கொடுப்போம், கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவோம். அதெல்லாம் ஊரோடு சேர்ந்து கொடுப்பது, கொடுக்காவிட்டால் ஊர் கேட்கும். சனி விஷயத்தில் ஜோசியர் சொன்னது வேறு. ஆதரவில்லாத குழந்தைகளுக்கு வஸ்திர தானம் செய்ய வேண்டும், செய்தால் உக்கிரம் தணியும் என்றார். பெரியப்பா அப்போது திருப்பூருக்கு வடக்கே, எங்கள் தோட்டத்தின் ஒரு மூலையில், சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பருத்தி விளைவித்தவர்கள் எல்லாம் பனியன் தைக்க ஆரம்பித்திருந்தார்கள். துணி வெட்டும் மேஜைக்கடியில் விழுகிற துண்டுகளுக்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர். அது எங்கள் வீட்டுப் பின்கட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஜோசியர் வஸ்திரம் என்றாரே தவிர, முழு வஸ்திரம் என்று சொல்லவில்லை. பெரியப்பா எதற்கும் போய்க் கேட்டுவிட்டே வந்தார். எதுவானாலும் துணி துணிதானுங்களே என்று ஜோசியரும் சொல்லிவிட்டாராம்.

துண்டுத் துணியை அப்படியே மூட்டையாகக் கொடுத்தால் நன்றாக இருக்காது என்று பெரியப்பா யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா வாயைத் திறந்தாள். புருஷனுக்கு அண்ணன், அவளுக்கு மாமா முறை என்பதால் பெரியப்பா முன்னால் அம்மா நேராக நின்று பேசமாட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

"ஏனுங்க மாமா, அந்தத் துண்டையெல்லாம் ஒட்டுப் போட்டு மெத்தையாத் தெச்சுக் குடுக்கலாமுங்க. கோபி டவுனுப் பக்கத்துல ஒரு இல்லம் இருக்குதாமா. புள்ளைங்க வெறும் சிமெண்டுத் தரையில படுக்குதுங்களாமா."

அந்த இல்லம் உனக்கு எப்படித் தெரியும் என்று பெரியப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஏனென்றால் அந்த இல்லத்தில் வார்டனாக இருந்தது அம்மாவின் தங்கை.

சித்தி கோயமுத்தூரில் டீச்சர் படிப்புப் படித்தவர். படித்து முடித்த கையோடு, தாத்தாவின் தோட்டத்தில் வேலை செய்துவந்த குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அம்மாவின் பிறந்த வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா ஒரே ஒரு முறை பேசினார், அதோடு சரி. அந்தப் பெண்ணின் பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது, கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் கிடைக்காது என்றாராம். அப்போது நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அதற்கப்புறம் அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்த ஒரு பெண் கோபிப் பக்கத்துக்காரி. அவள் வாய்வழியாகத்தான் தங்கை இருக்குமிடம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இதெல்லாம் வெகுகாலம் கழித்து நான் தெரிந்துகொண்டது. மூன்றாம் வகுப்புப் படித்த அந்த வருஷத்தில், அம்மாவுக்கு ஒரு தங்கை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. பெரியப்பாவின் சனி போவதற்காக அம்மா ராப்பகலாகப் பாடுபடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கு வேண்டியிருந்ததோ வேறு. மெத்தை மூட்டையோடு தானும் அங்கே போக வேண்டும், தங்கையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

வேலை புரட்டாசியில் ஆரம்பித்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் எல்லாம் கோணல் துண்டு. கழுத்துக்கு வெட்டிய இடத்தில் விழுந்த பிறை, அக்குளுக்கு வெட்டிய வளைவு, ஒன்றும் சதுரமாக இருக்காது. அம்மா அவற்றைச் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று மூட்டுவாள். பனியன் துணி இழுத்தால் இழுபடும், அதனால் மிஷினில் கொடுக்கும்போது கையைத் தளர்த்தியே பிடிக்க வேண்டும். அடியில் பழைய வேட்டி, நடுவில் பொடித் துண்டுகள், மேலே இந்த ஒட்டுத் துணி. மூன்றையும் கோணி ஊசியால் சேர்த்துத் தைப்பது பெரியம்மாவின் வேலை. விரித்தால் மெத்தை, போர்த்தினால் போர்வை. எங்கள் வீட்டில் மெத்தை என்றே சொன்னோம்.

நிறங்களைப் பற்றிப் பெரியம்மாவுக்குக் கடைசிவரை ஒரு மனக்குறை இருந்தது. சாம்பல், பழுப்பு, வெளிறிப்போன பச்சை. காசு கொடுத்து இந்த நிறத்தையெல்லாம் வாங்குகிற வெள்ளைக்காரனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவர் முடிவு. எனக்கு வேறு கவலை. ஒரு துண்டில் வாத்தின் பின்பாதி அச்சடித்திருந்தது. அதன் தலையைத் தேடி எல்லா மூட்டைகளிலும் தலைகீழாக நுழைந்து பார்த்தேன். வேறு வாத்துகளின் பின்பாதிகள்தான் வந்துகொண்டிருந்தன.

தைப்பதற்கு முன்னால் சாயம் பார்க்க வேண்டும். அம்மாவின் பிறந்த வீட்டில் ஒரு சின்னச் சாயப்பட்டறை இருந்தது, அதனால் எந்தத் துணியையும் அம்மா நம்பமாட்டாள். கொதிக்கிற தண்ணீரில் உப்பும் சோப்பும் போட்டுத் துண்டுகளை முக்கி, எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிவாள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டு அடுப்புக்குப் போகும். வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு "போகுது, போகலை" என்று சொல்வது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மரியாதை எனக்கு அந்த வேலையில் கிடைத்தது.

அம்மாவின் வேகத்தைப் பார்த்துப் பெரியம்மா ஒருநாள் கேட்டே விட்டார். "மிதிக்கற மிதியில மிஷினு ஓடியே போயிரும் போல. சனி புடிச்சது அவருக்கா, உனக்கா?"

அம்மா சிரித்தாளே தவிர மிதிப்பதை நிறுத்தவில்லை.

தீபாவளி கழிந்த கையோடு மெத்தைகள் முடிந்தன. அம்மா தன் பீரோவிலிருந்து ஒரு கத்திரிப்பூ நிறச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். குழந்தைகளுக்கு என்று பெரிய தூக்குப் போசி நிறைய, அது போக ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம். சின்ன டப்பா யாருக்கு என்று கேட்டதற்கு, போற எடத்துல ஆராச்சும் இருப்பாங்க கண்ணு என்றாள்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்து மெத்தைகளைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் தானும் போட்டோக்காரரும் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நானும் வந்து, புள்ளைங்களுக்கு எடுத்து விரிச்சுக் குடுத்துட்டு வந்தர்றனுங்களே மாமா."

"பொம்பளைங்க எதுக்கு அம்மணி அத்தனை தூரம்? நாங்க குடுத்துப்போட்டு வந்தர்றோம்."

மறுபேச்சு கிடையாது. அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எதைக் கேட்டாலும் அண்ணனைக் கேள் என்பவர், அண்ணனே சொல்லிவிட்டபின் சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது? பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கம் போனார்.

அதோடு விட்டிருந்தால் பெரியப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. போகிறவர் திரும்பி நின்று, மெத்தையில் உபயம் எங்கே என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொருளைத் தானமாகக் கொடுத்தால் அதில் உபயம் என்று எழுதி, கீழே கொடுத்தவர் பெயரைப் போட்டாக வேண்டும். கோயில் மணியில், ஃபேன் இறக்கையில், பஸ் ஸ்டாப் பெஞ்சில், எல்லாவற்றிலும் உபயம் உண்டு. பெரியப்பா மாரியம்மன் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்திருந்தார். தன் பெயர், அப்பா பெயர், கம்பெனி பெயர் என்று அதில் எழுதிய எழுத்துகளுக்கு நடுவே மிச்சமிருந்த சந்துகளில்தான் வெளிச்சம் வரும். பூசாரி திருநீற்றுத் தட்டைத் தடவித்தான் எடுப்பார்.

"பேரு போடாமக் குடுத்தா ஆரு குடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார் பெரியப்பா.

"ஆருக்குத் தெரியோணும்? சனீஸ்வரனுக்குப் படிக்கத் தெரியுமாக்கு?" என்றார் பெரியம்மா. அவர் ஒருத்தர்தான் பெரியப்பாவிடம் இப்படிப் பேச முடியும். பேசுவாரே தவிர, பேசி எதுவும் மாறியதில்லை.

மறுநாளே பெரியப்பா ஒரு சிவப்புத் துணியைக் கொண்டுவந்து போட்டார். யாரோ ஒரு சாயப்பட்டறைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய துணி. சிவப்புத்தான் எடுப்பாகத் தெரியும் என்றார். உபயம் என்று ஒரு வரி, அவர் பெயர் ஒரு வரி, ஒவ்வொரு எழுத்தும் நாலு விரல் உயரம். கம்பெனியில் அட்டை வைத்து எழுத்துகளை வெட்டிக் கொடுத்தார்கள், மெத்தையின் நட்டநடுவே வைத்துத் தைப்பது அம்மாவின் வேலை.

அம்மா வழக்கம் போல் தண்ணீர் கொதிக்க வைத்தாள். நான் வழக்கம் போல் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்தேன். சிவப்புத் துண்டு உள்ளே போனதுமே தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீராகிவிட்டது. வெள்ளைத் துணியைப் பிடிக்கவே தேவையில்லை.

"போகுது! போகுது! அம்மா, பூராவும் போகுது!" என்று கத்தினேன்.

அம்மா அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாளியைத் தூக்கி வாழை மரத்தடியில் ஊற்றினாள்.

"பெரியப்பா எடுத்துக் குடுத்த துணி கண்ணு அது. நாம கொறை சொல்லக் கூடாது" என்றாள்.

உட்கார்ந்து தைத்து முடித்தாள். அவ்வளவு திருத்தமான தையலை நான் அதற்கப்புறம் கண்டதில்லை. ஓரமெல்லாம் மடித்து, இரண்டு ஓட்டு ஓட்டி, ஒரு எழுத்துகூடப் பிசிறவில்லை. கோபத்தில் செய்தாளா, யோசித்துச் செய்தாளா, வெறுத்துப்போய்ச் செய்தாளா, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்கிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பியது. பெரிய போசி வேனில் ஏறியது, சின்ன டப்பாவை அம்மா ஏற்றவில்லை. அதை நாங்கள்தான் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

போட்டோக்கள் வந்தன. எல்லாவற்றிலும் பெரியப்பா மெத்தையின் ஒரு முனையைப் பிடித்திருந்தார், மறுமுனையை ஒரு குழந்தை பிடித்திருந்தது, உபயம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு போட்டோவில் மட்டும் ஓரமாக, ஒரு கதவுச் சந்தில், சேலை முந்தானையும் வாட்ச் கட்டிய ஒரு கையும் விழுந்திருந்தன. ஆள் தெரியவில்லை. பெரியப்பா நன்றாக விழுந்த போட்டோ எதுவென்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா அந்த ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை.

மார்கழி பிறந்து குளிர் இறங்கியபின் ஒருநாள், இல்லத்தை நடத்திவந்த பெரியவர் கையில் மஞ்சள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் குறை சொல்ல வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்லமாட்டார்கள். காப்பி குடித்தார். மழையை விசாரித்தார். மெத்தையின் மெத்தென்ற தன்மையை, தையலை, கச்சாயத்தின் பதத்தை எல்லாம் புகழ்ந்தார். பெரியப்பா இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிளம்புகிறவர் போல எழுந்து நின்ற பிறகுதான், "ஒரு சின்ன விசயமுங்க, தப்பா நெனச்சுக்கக் கூடாதுங்க" என்று பையிலிருந்து ஒரு குழந்தையின் வெள்ளைப் பனியனை எடுத்தார்.

பனியனின் முதுகு முழுக்க இளஞ்சிவப்பில் என்னவோ எழுதியிருந்தது.

"இதென்னுங்க, மலையாளமா?" என்றார் பெரியப்பா.

பெரியம்மா பனியனை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பீரோக் கண்ணாடி முன்னால் விரித்துப் பிடித்தார். "உபயம்" என்று உரக்கப் படித்தார். அடுத்த வரிக்குப் போனதும் நிறுத்திவிட்டார். கட்டிய புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் அவருக்கில்லை.

"நீயே படிச்சுப்போடு கண்ணு" என்று என்னைக் கண்ணாடி முன்னால் தள்ளினார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பது போல நிறுத்தி நிதானமாக, பெரியப்பாவின் பெயரை இனிஷியலோடு படித்தேன்.

அப்புறம் பெரியவர் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். குளிருக்குச் சின்னப் பிள்ளைகள் படுக்கையை நனைத்துவிடுகின்றன. நனைந்த இடத்தில் சிவப்பு ஊறி, மல்லாந்து படுத்தால் முதுகில், கவிழ்ந்து படுத்தால் வயிற்றில், எழுத்து அப்படியே ஏறிக்கொள்கிறது. சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "மெத்தை ரொம்ப நல்லாருக்குதுங்க. எழுத்து மட்டும்தானுங்க" என்று முடித்தார்.

தன் பெயர் சிரிப்பாய்ச் சிரிக்கிறது என்பதைப் பெரியப்பா தாங்கியிருப்பார். அந்தப் பெயர் ஒவ்வொரு ராத்திரியும் எதில் நனைகிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இது சனிக்குப் போய்ச் சேர்ந்தால் தானத்தின் கதி என்ன? எழுத்துகளை உடனே எடுத்தாக வேண்டும் என்றார். கம்பெனி டெய்லர்களை அனுப்பலாமா என்று அப்பா கேட்டார், அவராகப் பேசியது அன்றைக்கு அது ஒன்றுதான்.

"அட கெரகமே! டெய்லருங்களுக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள திருப்பூரு பூராத் தெரிஞ்சுபோயிருமே!"

பெரியம்மா கோணி ஊசி குத்திக் காய்த்துப்போன கட்டை விரலைத் தடவிக்கொண்டே சொன்னார். "தெச்சவ இவதானுங்களே. சாயம் போற துணின்னு பாக்காமத் தெச்சா. இவளே போயிப் பிரிச்சுட்டு வரட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாயம் பார்க்கவில்லையா? நான்தானே பார்த்தேன்? வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"தப்புத்தானுங்க மாமா. நானே போயிப் பிரிச்சுட்டு வந்தர்றனுங்க. இவளையும் கூட்டிட்டுப் போறேன், நூலு பொறுக்க ஆவா."

பெரியப்பா சரியென்று கையசைத்தார். அம்மா திட்டு வாங்கியதற்காக நான் அன்று சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அம்மாவோ இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

குன்னத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். அம்மா கத்திரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள். மெத்தையிலிருந்து எழுத்துப் பிரிக்கப் போவதற்கு அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கோபி நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் நெல்லும் வாழையுமாக வந்தது. எங்கள் ஊர்ச் சோளக்காட்டையே பார்த்துப் பழகிய நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அம்மா எதையும் பார்க்கவில்லை. என் சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள், முகத்தைத் துடைத்தாள், பவுடர் போட்டாள், அதிகமாகிவிட்டதென்று மறுபடி துடைத்தாள். என் முகத்தில் தோல் மிஞ்சியது அதிர்ஷ்டம்தான்.

இல்லத்தின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். காட்டன் சேலை, தோளில் பின் குத்திய முந்தானை, கையில் வாட்ச். என் கணக்கில் அப்படி இருப்பவர்கள் எல்லோரும் டீச்சர்தான். பக்கத்தில் அந்தப் பெரியவரும் இருந்தார்.

"வாங்க" என்றார் அந்தப் பெண்.

"வந்தனுங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேசினார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒருவர் என்னைப் பார்த்ததில்லை. என் பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நாக்கால் தடவிக்கொண்டேன்.

"பாப்பா எத்தனாவது படிக்கறீங்க?" என்றார்.

"டீச்சர் கேக்கறாங்கல்ல, சொல்லு கண்ணு" என்றாள் அம்மா. மூன்றாவது என்றேன். அதிலென்ன இருக்கிறதோ, அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கூடத்தில் மெத்தைகளைப் பரப்பிக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிளேடால் பிரித்தார்கள். தைக்கும்போது மிஷினை ஓடஓட விரட்டிய அம்மா, பிரிக்கும்போது அத்தனை மெதுவாக இருந்தாள். ஒரு தையலை அறுப்பாள், நூலை உருவுவாள், ஊதுவாள், பிறகுதான் அடுத்தது. இரண்டு பேரும் தணிந்த குரலில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இடையிடையே அவர் அம்மாவை அக்கா என்றது காதில் விழுந்தது. எங்கள் ஊரில் அக்கா என்று கூப்பிட யாரும் அக்காவாக இருக்க வேண்டியதில்லை, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கு உங்க மச்சாண்டாரு வந்தப்ப நான் கதவுச் சந்தை உட்டு வெளியில வல்லீங்கக்கா" என்று அவர் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை, பார்த்தால் இருவருக்கும் கண் சிவந்திருந்தது. சிவப்புத் துணித் தூசு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் பிள்ளைகளோடு விளையாடப் போனேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தை எடுப்பதில் கொஞ்சமும் சம்மதமில்லை. ஒரு பையன் தன் வயிற்றைத் திறந்து பெரியப்பாவின் பாதிப் பெயரைக் காட்டினான். முழுப் பெயரும் ஏறியவன்தான் அங்கே தலைவனாம்.

மதியம் அரிசிம்பருப்புச் சாதம். டீச்சர் தட்டில் நெய் ஊற்றிப் பிசைந்து எனக்கு ஊட்டிவிட்டார். மூன்றாவது படிக்கிற என்னை, அத்தனை பிள்ளைகள் பார்க்க! எனக்கு மானம் போயிற்று. அம்மா அதட்டித் தடுப்பாள் என்று பார்த்தேன். அவள் தன் தட்டைத் தொடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தோட்ட வேலை பார்க்கும் ஒருவர் வந்து, செம்பில் தண்ணீரை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விலகி நின்றார். அம்மா வெளியிடத்தில் தண்ணீர் குடிக்கிற வழக்கமில்லாதவள். செம்பை எடுத்து முழுக்கக் குடித்தாள். "உக்காருங்க தம்பி, நீங்களும் சாப்புடுங்க" என்றாள். அவர் உட்காரவில்லை, ஆனால் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் நிமிரவே இல்லை.

பொழுது சாயும் நேரம் கடைசி எழுத்தும் வந்துவிட்டது. அதற்கு மேல் பிரிக்க எதுவுமில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெரியவர் வந்து சொன்னார்.

படியிறங்கும்போது டீச்சர் என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா என்னைய எப்படிக் கூப்புடுவீங்க?"

கேட்டது என்னிடம், பார்த்தது அம்மாவை. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது.

"டீச்சர்ன்னு சொல்லிட்டு வா கண்ணு" என்றாள் அம்மா.

எனக்கு மரியாதை சொல்லிக்கொடுத்துத்தான் வளர்த்திருந்தார்கள். கையை உருவிக்கொண்டு, குவித்துக் கும்பிட்டு, "போய்ட்டு வாரனுங்க டீச்சர்" என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பிரித்த எழுத்துகளை அம்மா பையோடு வைத்தாள், அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். விவரம் வேண்டுமென்றால் அவர் பெரியவர்களிடம் கேட்கமாட்டார்.

"ஏன் அம்மணி, அங்க ஆரையெல்லாம் பாத்தே?"

"டீச்சரைப் பாத்தனுங்க. எனக்குச் சோறு ஊட்டுனாங்க. நல்ல டீச்சருங்க, ஆனா ரொம்ப அழுவறாங்க."

"எதுக்கு அழுவறாங்க?"

"நான் போய்ட்டு வாரன்னு சொன்னதுக்குங்க."

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா பேப்பரை இறக்கினார்.

"அழுவாம என்ன பண்ணுவாங்க?" என்று சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "அத்தனை புள்ளைங்க முதுகுலயும் உங்க பேரைத் தேச்சுத் தேச்சுக் குளிப்பாட்டறது ஆரு? அந்தம்மாதானே? கை போயிருக்கும்."

பெரியப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் பேச்சு வளர்வது அவருக்கே பிடிக்கவில்லை. பெரியம்மா வெளியே வந்து அம்மா கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான். டீச்சர் வேலை ரொம்பவும் கஷ்டமான வேலை. ஒரு பிள்ளை மரியாதையாகக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டு போனால்கூட உட்கார்ந்து அழ வேண்டியிருக்கிறது. பெரியவளானதும் எந்த வேலைக்குப் போனாலும் அந்த வேலைக்கு மட்டும் போவதில்லை என்று முடிவு செய்து, அதை அப்போதே அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"சரி கண்ணு, போக வேண்டாம்" என்றாள் அம்மா.